ரெண்டு கேபிள் போட்டா ரெண்டு மடங்கு ஸ்பீடு வராதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதிய தவறாம படிக்கிறவன் நான். போன வாரம் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்குற ஒரு வாசகர், நாஸ் பொட்டில (நெட்வொர்க்குல மாட்டி எல்லாரும் ஃபைல் எடுக்குற ஸ்டோரேஜ் பொட்டி) இருக்குற ஃபுட்டேஜ எடிட்டிங் சிஸ்டத்துக்கு காப்பி பண்ண முக்கா மணி நேரம் ஆகுது, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தாரு. அதுக்கு நீங்க போட்ட பதில், மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங் மாத்த முடியிற சுவிட்ச்) ஒண்ணு வாங்கி நாஸ்லேருந்து ரெண்டு கேபிள் இழுத்து லிங்க் அக்ரிகேஷன், அதாவது ரெண்டையும் ஒரே கட்டா சேக்குறது, போட்டா 1 ஜிகாபிட் 2 ஜிகாபிட் ஆயிரும், கூடவே எல்லா போர்ட்லயும் ஃப்ளோ கண்ட்ரோல ஆன் பண்ணிட்டா டேட்டா லாஸ் இல்லாம இன்னும் வேகமா போகும், இது இப்ப வந்திருக்குற புது டெக்னாலஜின்னு. இதுல மூணுமே சரியில்லங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் ஈரோடு, திருப்பூர் பக்கம் ஆபீஸ், மில்லு, காலேஜுன்னு நெட்வொர்க் போட்டுக் குடுக்குற வேலை பாக்குறவன். பேப்பர்ல வந்துட்டா ஜனங்க நம்பிருவாங்க, ஏற்கனவே அந்தக் கட்டிங்க போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பி இதே மாதிரி எங்களுக்கும் போட்டுக் குடுங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. காசு போட்டு சுவிட்ச் வாங்கி ரெண்டு கேபிள் இழுத்த அப்புறமும் அதே முக்கா மணி நேரம்தான் ஆகும், அப்ப திட்டு வாங்கப் போறது போட்டுக் குடுத்த ஆளு.

ஏன் ஆகாதுன்னா, லிங்க் அக்ரிகேஷன் ரெண்டு கேபிள ஒரே பெரிய கேபிளா மாத்துறது இல்ல. ஒரு ஃபைல் காப்பி ஓடுதுன்னா அதோட பாக்கெட் எல்லாம் வரிசை மாறாமப் போகணும், ஒண்ணு இந்தக் கேபிள்ல ஒண்ணு அந்தக் கேபிள்லன்னு மாத்தி மாத்தி அனுப்புனா முன்ன பின்ன வந்து சேந்து குழப்பம் ஆயிரும், அதனால ஒரு பேச்சுவார்த்தைக்கு ஒரு கேபிள்னு முடிவு பண்ணி அதுலயே அனுப்பும். எந்தக் கேபிள்னு முடிவு பண்றதுக்கு மேக் அட்ரஸ் (லேன் கார்டுலயே வர்ற நம்பர்), ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்குல குடுக்குற நம்பர்), போர்ட் நம்பர் (எந்த புரோகிராமுக்குன்னு சொல்ற நம்பர்) இதுல ஏதோ ஒண்ண எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடும், ஹாஷ்னு சொல்லுவாங்க. ரேஷன் கடையில ரெண்டு தராசு வச்சு, கார்டு நம்பர் கடைசி எண் ஒத்தப்படையா இருந்தா இந்தப் பக்கம், ரெட்டப்படையா இருந்தா அந்தப் பக்கம்னு சொன்னா எப்படி இருக்கும், அந்தக் கதைதான். க்யூ நீளமா இருந்தா சீக்கிரம் கரையும், ஆனா உங்க ஒருத்தரோட அரிசியும் சக்கரையும் ஒரே தராசுலதான் நிறுத்து வாங்கணும், பக்கத்துத் தராசு சும்மா இருந்தாலும். அன்னைக்குன்னு பாத்து வந்தவங்க எல்லாருக்கும் ரெட்டப்படை கார்டா இருந்துச்சுன்னா ஒரு தராசுக்காரர் ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்பாரு.

இது வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமா நடக்கும். நெறைய நாஸ் பொட்டி உள்ளுக்குள்ள லினக்ஸ்தான், அதுல லிங்க் அக்ரிகேஷனுக்கு பாண்டிங்ன்னு ஒரு வசதி இருக்கு, மோடு 4 போட்டா எல்ஏசிபி, அதாவது ரெண்டு பக்கமும் பேசி வச்சுக் கட்டுற மொறை. சாதாரணமா அது மேக் அட்ரஸ வச்சுக் கணக்குப் போடும். ரெண்டு கேபிள்னா அட்ரஸோட கடைசி எண்தான் முடிவு பண்ணும். நாஸோட மேக் 0ல முடியுது, மூணு எடிட்டிங் சிஸ்டமும் 2, 4, 8னு முடியுதுன்னு வைங்க, மூணு பேரும் ஒரே கேபிள்ல போய் விழுவாங்க, ரெண்டாவது கேபிள் போர்ட்ல லைட்டு மட்டும் எரியும். 5ல முடியிற சிஸ்டம் ஒண்ணு இருந்தாத்தான் அது அந்தப் பக்கம் போகும். இதுக்கு மேல ஒரு விஷயம், நெறைய பேருக்கு இது தெரியறது இல்ல, ஒவ்வொரு பக்கமும் தான் அனுப்புற டேட்டாவ மட்டும்தான் பிரிக்கும். சுவிட்சுல நீங்க ஹாஷ என்னதான் மாத்துனாலும் அது சுவிட்ச்லேருந்து நாஸுக்குப் போறதத்தான் மாத்தும். ஸ்டூடியோக்காரர் நாஸ்லேருந்து எடுத்து காப்பி பண்றாரு, அந்த டேட்டாவ எந்தக் கேபிள்ல விடணும்னு முடிவு பண்றது நாஸ்தான், ஆக சுவிட்சுல நோண்டிக்கிட்டே இருந்தா காப்பிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

காலேஜ் மாதிரி எடத்துல இதே கதை வேற ரூபத்துல வரும். டிபார்ட்மென்ட் பூரா வேற வேற விலான்ல (ஒரே சுவிட்சத் தனித்தனி நெட்வொர்க்காப் பிரிக்கிறது) இருக்கும், எல்லாரும் நடுவுல இருக்குற லேயர் 3 சுவிட்ச் (விலானுக்கு விலான் டேட்டாவ மாத்தி விடுறது) வழியாத்தான் சர்வர் சுவிட்சுக்கு வரணும், அங்கேருந்து பாத்தா வர்ற எல்லா ஃப்ரேம்லயும் (கேபிள்ல போற டேட்டா பொட்டலம்) அனுப்புனவரு மேக் அந்த ஒரே சுவிட்சோடதாத்தான் இருக்கும். மேக் கணக்கு வச்சிருந்தா ஒரு சர்வருக்கு ஆயிரம் பசங்க வந்தாலும் ஒரே கேபிள். அங்க ஐபி வச்சு, முடிஞ்சா போர்ட் நம்பரும் சேத்துப் பிரிக்கணும். மாத்துறது ஒரே ஒரு வரிதான், ஆனா மாத்தாம விட்ட எடம் எக்கச்சக்கம்.

சரி அப்ப அந்த ஸ்டூடியோக்காரர் என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. 1 ஜிகாபிட்ல நெசமா கெடைக்கிறது செகண்டுக்கு 110லேருந்து 115 மெகாபைட், 300 ஜிபி ஃபுட்டேஜுன்னா முக்கா மணி நேரம், அவர் சொன்ன கணக்கு அப்படியே ஒத்துப் போகுது, அதாவது அவரோட நெட்வொர்க்குல கோளாறே இல்ல, ஓட முடிஞ்ச அளவுக்கு முழுசா ஓடுது. அவருக்கு வேணுங்கறது ஒத்தக் கேபிள்ல அதிக ஸ்பீடு. 2.5 ஜிகாபிட் ஈதர்நெட் 2016லயே 802.3பிஇசட்னு ஸ்டாண்டர்டா வந்தாச்சு, செவுத்துக்குள்ள ஏற்கனவே போட்டிருக்குற கேட் 5ஈ கேபிள்லயே 100 மீட்டர் வரைக்கும் ஓடும், செவுத்த ஒடைக்க வேண்டியதில்ல. சாதா அன்மேனேஜ்டு 2.5 சுவிட்ச் போதும், ஒரு கான்ஃபிகரேஷனும் கெடையாது, நாஸ்லயும் சிஸ்டத்துலயும் 2.5 போர்ட் இருக்கணும் அவ்வளவுதான். டிஸ்க் ஈடு குடுத்தா அந்த முக்கா மணி நேரம் இருவது நிமிஷத்துக்குக் கீழ வந்துரும். அதுவும் வேண்டாம், இருக்குறத வச்சே பாக்கணும்னா எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்) மல்டிசேனல்னு ஒண்ணு இருக்கு, 2012ல விண்டோஸ் 8லேருந்து வருது, நாஸ் பக்கம் அதே வேலை பாக்குற சாம்பா சாஃப்ட்வேர்லயும் இருக்கு. அதுல ரெண்டு போர்ட்டையும் ஒண்ணாக் கட்டாம தனித்தனி ஐபி குடுக்கணும், சிஸ்டத்துலயும் ரெண்டு போர்ட் இருக்கணும், அப்ப ஒரே ஃபைல் காப்பி ரெண்டு கேபிள்லயும் பிரிஞ்சு போகும். ஸ்பீடு வேணும்னா லிங்க் அக்ரிகேஷன் போடாம இருக்கணும், நீங்க சொன்னதுக்கு நேர் எதிர்.

இதுக்காக லிங்க் அக்ரிகேஷன் வேஸ்ட்டுன்னு சொல்லலங்க. ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல போற லைனுக்கு அத மாதிரி ஒண்ணு கெடையாது. அம்பது சிஸ்டம் அந்தப் பக்கம், சர்வர் எல்லாம் இந்தப் பக்கம்னா கூட்டம் நல்லாப் பிரியும், ஒரு கேபிள் செத்தாலும் இன்னொண்ணு தூக்கிட்டுப் போகும். எனக்குக் கேட்டா அந்த ரெண்டாவது காரணத்துக்காகத்தான் அத முக்கியமாப் போடணும், ஸ்பீடு கெடச்சா லாபம்.

ஆனா அதுலயும் ஸ்டாட்டிக்கா (ரெண்டு பக்கமும் பேசிக்காம கையால கட்டி விடறது) போடாம எல்ஏசிபி போடணும். திருப்பூர் பக்கம் ஒரு மில்லுல, ஆபீஸ் பில்டிங்குக்கும் ஸ்டோர்ஸ் பில்டிங்குக்கும் நடுவுல ரெண்டு ஃபைபர் லைன், ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபர சாதா கேபிளுக்கு மாத்துற பொட்டி), அங்கேருந்து சாதா கேபிள்ல சுவிட்சுக்கு. முன்னாடி போட்ட ஆளு ரெண்டையும் ஸ்டாட்டிக்கா கட்டி வச்சுட்டுப் போயிட்டாரு. மழத் தண்ணி போக வாய்க்கா தோண்ட வந்த ஜேசிபி ஒரு ஃபைபர அறுத்துருச்சு. அறுந்தது நடுவுல, சுவிட்சுக்கும் கன்வர்ட்டருக்கும் இருக்குற கேபிள் நல்லாத்தான் இருக்கு, சுவிட்சுல ரெண்டு லைட்டும் பச்சையா எரியுது, ஆக ரெண்டு லைனும் உசுரோட இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பாதி டேட்டாவ அந்த அறுந்த லைன்ல கொட்டிக்கிட்டு இருக்கு. ஸ்டோர்ஸ்ல ஒரு டேபிள்ல டேலி ஓப்பன் ஆகுது, பக்கத்து டேபிள்ல ஆகல, ஆகாத அதே சிஸ்டத்துலேருந்து ஆபீஸ் பிரிண்டருக்கு பிரிண்ட் மட்டும் ஜம்முன்னு போகுது. வைரஸ்னு நெனச்சு அந்த சிஸ்டத்த ஃபார்மேட்டே பண்ணிட்டாங்க பாவம். ஐபிய மாத்துனா சரியாகுது, அப்புறம் வேற ஒண்ணு ஓப்பன் ஆக மாட்டேங்குது, பேய் புடிச்ச மாதிரி. ஒரு சிஸ்டத்துக்கு ஒரு சர்வர் கெடைக்குது இன்னொரு சர்வர் கெடைக்கலன்னா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த ஸ்டாட்டிக் கட்டதான்.

எல்ஏசிபி போட்டிருந்தா ரெண்டு சுவிட்சும் ஒவ்வொரு கேபிள் வழியாவும் ஒருத்தர ஒருத்தர் விசாரிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஸ்லோன்னு வச்சா 30 செகண்டுக்கு ஒருக்கா, ஃபாஸ்ட்னு வச்சா செகண்டுக்கு ஒருக்கா. மூணு தடவ பதில் வரலன்னா, அதாவது 90 செகண்டுல இல்லன்னா 3 செகண்டுல, லைட்டு எரிஞ்சாலும் எரியலன்னாலும் அந்தக் கேபிள கூட்டத்துலேருந்து தள்ளி வச்சுரும். ரெண்டு பக்கமும் ஆக்டிவ்னு வைங்க, ஒரு பக்கமாவது ஆக்டிவ் கட்டாயம், ரெண்டு பக்கமும் பாசிவ்னா நீ மொதல்ல பேசு நீ மொதல்ல பேசுன்னு ரெண்டும் உக்காந்திருக்கும், கட்டு விழவே விழாது. கட்டுற போர்ட் எல்லாம் ஒரே ஸ்பீடு, ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும்), ஒரே விலான் செட்டிங்ல இருக்கணும்.

இன்னொண்ணு, உங்க பதில்ல இது வராததுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, கான்ஃபிகரேஷன் முடியற வரைக்கும் ரெண்டாவது கேபிளச் சொருகவே கூடாது. வெல கம்மியான அன்மேனேஜ்டு சுவிட்ச் ரெண்டுக்கு நடுவுல ரெண்டு கேபிள் போட்டா லூப்பு. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஐபி பாக்கெட் மாதிரி ஆயுசு கணக்கு கெடையாது, ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற ஃப்ரேம்) உள்ள வந்தா சுத்திக்கிட்டே இருக்கும், பெருகிக்கிட்டே போகும், எல்லா போர்ட் லைட்டும் ஒண்ணு சேந்து படபடன்னு அடிக்கும், ஆபீஸே நின்னுரும். லூப்பக் கண்டுபிடிக்கிற ஸ்பேனிங் ட்ரீ இருக்குற சுவிட்ச்னா ஒரு போர்ட்ட அடைச்சு காப்பாத்தும், இல்லாததுல கேபிளப் புடுங்குறது ஒண்ணுதான் வழி. உங்க பதிலப் படிச்சுட்டு யாராவது வீட்டுல இருக்குற சாதா சுவிட்சுல ரெண்டாவது கேபிளச் சொருகிப் பாத்துட்டு நெட்டே போயிருச்சேன்னு முழிச்சுக்கிட்டு இருப்பாங்க.

இப்ப ஃப்ளோ கண்ட்ரோல். இது ஸ்பீட கூட்டுற பட்டன் இல்லங்க, ஆள நிறுத்துற பட்டன். 1997ல 802.3எக்ஸ்னு வந்தது. ஒருத்தருக்கு வாங்கி வைக்க எடம் இல்லன்னா எதிர்ல இருக்குறவருக்கு பாஸ் (pause) ஃப்ரேம்னு ஒரு சின்ன ஃப்ரேம் அனுப்புவாரு, இவ்வளவு நேரம் அனுப்பாம இருன்னு. ஒரு தடவ சொன்னா ஜிகாபிட் லைன்ல அதிகபட்சம் 33 மில்லிசெகண்ட் நிக்கும், வேணும்னா திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருக்கலாம். அது அந்தக் கேபிளோட எதிர் முனைக்கு மட்டும்தான், சுவிட்ச் தாண்டிப் போகாது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நிறுத்துறது யார நிறுத்துதுன்னு பாக்கணும்.

ஸ்டூடியோவுலயே பாப்போம். நாஸ், ரெண்டு ஜிகாபிட் எடிட்டிங் சிஸ்டம், அப்புறம் ஆல்பம் டிசைன் பண்ற பழைய சிஸ்டம் ஒண்ணு 100 மெகாபிட்ல. அந்தப் பழைய சிஸ்டம் நாஸ்லேருந்து பெரிய ஃபைல் எடுக்குது. நாஸ் ஜிகாபிட் வேகத்துல கொட்டுது, சுவிட்ச் அந்தப் பக்கம் 100ல தான் தள்ள முடியும், சுவிட்சோட பஃபர் (டேட்டாவ கொஞ்ச நேரம் வச்சுக்கிற எடம்) ரொம்பிருது. எல்லா போர்ட்லயும் ஃப்ளோ கண்ட்ரோல் ஆன்ல இருந்தா, பாஸ் ஃப்ரேம அனுப்பவும் செய்யிற சுவிட்ச்னா, அது நாஸப் பாத்து நிறுத்துன்னு சொல்லும், நாஸ் நிறுத்தும், யாருக்கு? எல்லாருக்கும். பாஸ் ஃப்ரேமுக்கு இந்த ஆளுக்கு மட்டும் நிறுத்துன்னு சொல்லத் தெரியாது. நல்லா ஓடிக்கிட்டு இருந்த ரெண்டு எடிட்டிங் சிஸ்டமும் அந்தப் பழைய சிஸ்டத்தோட சேந்து நொண்டும். ஃப்ளோ கண்ட்ரோல் ஆஃப்ல இருந்தா என்ன ஆகும், பஃபர் ரொம்புனதும் அந்தப் பழைய சிஸ்டத்துக்குப் போற பாக்கெட் சிலது கீழ விழும், டிசிபி (டேட்டா முழுசாப் போய்ச் சேந்துச்சான்னு பாக்குற மொறை) அதப் பாத்துட்டு அந்த ஒரு கனெக்ஷன மட்டும் வேகம் கொறச்சு, விழுந்தத திரும்ப அனுப்பிக்கும், காப்பி ஆகுற ஃபைல்ல ஒரு பைட்டு கூட கொறையாது. டேட்டா லாஸ்னு நீங்க பயமுறுத்துனது இந்தப் பாக்கெட் விழறதத்தான், அது டிசிபிக்கு தெனப்படி வேலைங்க.

லிங்க் அக்ரிகேஷனும் ஃப்ளோ கண்ட்ரோலும் ஒண்ணா சேந்தா இன்னும் கூத்து. பாஸ் ஃப்ரேம் வேலை செய்யறது ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனியா, கட்டு மொத்தத்துக்கும் இல்ல. ஒரு கேபிள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்குன்னு தெரிஞ்சு ஹாஷ் ஆள மாத்தி விடாது, அதுக்கு அந்த அறிவு கெடையாது. அந்தக் கேபிளுக்கு ஒதுக்குன ஆளுங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க, பக்கத்துக் கேபிள் காலியாக் கெடக்கும். ஆன் பண்ணியே ஆகணும்னா கட்டுல இருக்குற எல்லா போர்ட்லயும் ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வைங்க, ஒண்ணுல ஆன் ஒண்ணுல ஆஃப்னு விட்டா அப்புறம் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு.

ஐபி ஃபோன் வச்சிருக்குற ஆபீஸ்ல இது இன்னும் மோசம், ஃபோனுக்கு முன்னுரிமைன்னு க்யூஓஎஸ் எல்லாம் அழகா போட்டு வச்சிருப்பாங்க, பாஸ் ஃப்ரேம் வந்தா ஃபோன் பாக்கெட்டும் சேந்துதான் நிக்கணும். அதவிட வம்பு, ஒரு சிஸ்டம் ஹேங் ஆகிக் கெடக்கும், ஆனா அதோட லேன் கார்டு மட்டும் உசுரோட இருந்து, வர்றத எடுக்க ஆள் இல்லாததால நிறுத்து நிறுத்துன்னு பாஸ் ஃப்ரேமா அனுப்பிக்கிட்டே இருக்கும். சுவிட்ச் பூராவும் ஃப்ளோ கண்ட்ரோல் ஆன்ல இருந்தா அந்த அடைப்பு அப்படியே பின்னாடி பின்னாடி போய் மொத்த ஃப்ளோரும் நின்னுரும். ஹேங் ஆன சிஸ்டத்தோட கேபிளப் புடுங்குனா எல்லாம் சரியாயிரும். சனிக்கெழம சாயங்காலம் வந்து ஞாயித்துக்கெழம காணாமப் போற பிரச்சனைக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல லேன் கார்டோட அட்வான்ஸ்டு டேப்ல போய்ப் பாருங்க, நெறைய கார்டுல ஃப்ளோ கண்ட்ரோல் வாங்கும்போதே ரெண்டு தெசைக்கும் ஆன்லதான் வருது, ஆக சுவிட்சுல ஆன் பண்ண அந்த நிமிஷமே ரெண்டும் கை குலுக்கிக்கும்.

அதுக்குன்னு எடம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஸ்டோரேஜுக்குன்னே தனி சுவிட்ச் போட்டு ஐஸ்கசி (நெட்வொர்க் வழியா டிஸ்க்க மாட்டுறது) ஓட்டுறவங்க அந்தப் பொட்டிக்காரங்க சொன்னா ஆன் பண்ணுவாங்க, அங்க ஃபோனும் இல்ல ஆல்பம் சிஸ்டமும் இல்ல. பாக்கெட் விழவே கூடாதுன்னு இருக்குற டேட்டா சென்டர்ல 802.1க்யூபிபின்னு வேற ஒண்ணு வச்சிருக்காங்க, அது எட்டு வகையாப் பிரிச்சு வேணும்ங்கற வகைய மட்டும் நிறுத்தும். சாதா ஆபீஸுக்கு அது எதுக்கு. நான் போடுற எடத்துல எல்லாம் ஆஃப்ல வச்சுட்டு, பாஸ் கவுண்ட்டரையும் ட்ராப் கவுண்ட்டரையும் கொஞ்ச நாள் பாப்பேன். மேனேஜ்டு சுவிட்ச்ல போர்ட் புள்ளிவிவரத்துலயே ரெண்டும் இருக்கும். அதப் பாக்காம ஆன் பண்ணச் சொல்றது எனக்குப் புடிக்காத பழக்கம்.

புது டெக்னாலஜின்னு போட்டிருந்தீங்களே, அதுக்கு மட்டும் ஒரு வார்த்த. அமெரிக்காவுல வினோத் பரத்வாஜ்னு இந்திய வம்சாவளிக்காரர் சேந்து ஆரம்பிச்ச கல்பனாங்கற கம்பெனிதான் 1990கள் தொடக்கத்துலயே இந்த லிங்க் அக்ரிகேஷன ஈதர்சேனல்னு கொண்டு வந்துச்சு, 1994ல சிஸ்கோ அந்தக் கம்பெனிய வாங்கிருச்சு, 2000ல 802.3ஏடின்னு ஸ்டாண்டர்ட் ஆச்சு, 2008ல 802.1ஏஎக்ஸ்னு வேற நம்பருக்கு மாத்துனாங்க. நம்ம வாசகர் ஸ்டூடியோவுல எடிட்டிங் பண்ற பையன விட வயசு ஜாஸ்தியா இருக்கும் இதுக்கு.

அடுத்த வாரம் அதே பகுதில அந்த வாசகருக்குத் திருத்தம் போட்டீங்கன்னா நல்லாருக்கும். அவர் இன்னும் சுவிட்ச் வாங்கலன்னா மொதல்ல அவரோட நாஸ்ல 2.5 போர்ட் இருக்கா, இல்லன்னா கார்டு போட எடம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. வாங்கியே இருந்தாருன்னா திருப்பிக் குடுக்க வேண்டாம், ரெண்டாவது கேபிள எல்ஏசிபில கட்டி ஒண்ணு போனாலும் வேலை நிக்காதுங்கறதுக்கு வச்சுக்கட்டும், ஃப்ளோ கண்ட்ரோல மட்டும் அணைச்சுறச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் டெக்னீஷியன்,
ஈரோடு